ஆர் மொழியில் தேதி: எரர் வந்தால் நல்லது, கி.பி. 5 வந்தால்தான் வம்பு

தரவுகளை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற நிரல்மொழியில் எழுத்தாகக் கிடக்கும் தேதியை உண்மையான தேதியாக மாற்றும்போது எரர் வந்தால் அது நல்ல சகுனம். எனக்குப் புரியவில்லை என்று ஆர் ஒப்புக்கொண்டுவிட்டது. வடிவம் இன்னது என்று சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது. எரரே வராமல், கிராஃபும் அழகாக வந்து, உள்ளே இருக்கும் தேதிகள் மட்டும் தப்பாக இருந்தால்தான் வம்பு. நல்லவேளையாக, இப்படிச் சத்தமில்லாமல் நடக்கும் ஒவ்வொரு கோளாறும் ஒரு தடயத்தை விட்டுத்தான் போகிறது. அந்தத் தடயங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

உதாரணத்துக்கு ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையை வைத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிற கல். ஐப்பசி அடைமழையில் வேலை மந்தமாகி, அனுப்புகிற சரக்கு குறைகிறதா என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஆர்டர் நோட்டை யாரோ எக்செல்லில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். தேதி 05/03/2024 என்று நம்மூர் வழக்கப்படி நாள், மாதம், வருடம். கேள்வியே மாதத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். நாளும் மாதமும் இடம் மாறினால் நவம்பர் 6 போய் ஜூன் 11-இல் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசியில் அனுப்பிய சரக்கு வைகாசிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆருக்குத் தேதி என்பது உள்ளுக்குள் வெறும் எண்தான். 1970 ஜனவரி 1 பூஜ்யம். அதிலிருந்து எத்தனை நாள் தள்ளி என்பதே கணக்கு. 2024 மார்ச் 5 என்றால் 19787. அதற்கு முந்திய நாட்கள் மைனஸில் போகும், அதில் ஒரு சிரமமும் இல்லை. எழுத்தை இந்த எண்ணாக மாற்றும் கட்டளை ஆஸ்.டேட் (as.Date). வடிவத்தைச் சொல்லாமல் அதை அழைத்தால் அது இரண்டே வடிவங்களை முயன்று பார்க்கும்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் நடுவே சிறுகோடு போட்டது, இல்லையென்றால் சாய்கோடு போட்டது. அதையும் எல்லா வரிகளிலும் பார்ப்பதில்லை. காலியாக இல்லாத முதல் வரியில் எது பொருந்துகிறதோ, அதையே மொத்த நெடுவரிசைக்கும் வைத்துக்கொள்ளும்.

இப்போது 05/03/2024 உள்ளே போகிறது. வருடம் 05, மாதம் 03, நாள் 20. மிச்சமிருக்கும் 24? அதை ஆர் கண்டுகொள்ளாது. வடிவம் பொருந்திய பிறகு பின்னால் தொங்கும் எழுத்துகளைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விடை: கி.பி. 5ஆம் ஆண்டு மார்ச் 20. எரர் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சங்க காலத்திலேயே ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்!

இதில் வேடிக்கை, அமெரிக்கக்காரர் 03/15/2024 என்று எழுதி முதல் வரியில் வைத்திருந்தால் நடுவில் இருக்கும் 15 மாதமாக முடியாது, உடனே எரர் வந்திருக்கும். புள்ளி வைத்து 05.03.2024 என்று எழுதியிருந்தாலும் எரர்தான். நாளை முதலில் எழுதி நடுவில் மாதத்தை வைக்கும் நம் வழக்கம்தான் சரியாக அந்த ஓட்டை வழியே நுழைந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்தக் கோளாறில் மாதம் மட்டும் சரியாகவே வரும். மாதவாரியாகக் கூட்டிப் பார்க்கிறவருக்கு விடைகூடச் சரியாக இருக்கும், எதையும் சந்தேகப்படமாட்டார். வருடவாரியாகப் பிரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தடயம் என்ன என்றால், எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் எல்லாத் தேதிகளிலும் நாள் 20 என்றே இருக்கும். தரவு போன நூற்றாண்டைச் சேர்ந்தது என்றால் எல்லாம் 19.

தீர்வு சிறியது. வடிவத்தை நாமே சொல்ல வேண்டும்: சதவீதக் குறியோடு ஸ்மால் டி, சாய்கோடு, சதவீதக் குறியோடு ஸ்மால் எம், சாய்கோடு, சதவீதக் குறியோடு கேப்பிட்டல் ஒய். அந்தக் கடைசி எழுத்தில் அடுத்த பொறி இருக்கிறது. கேப்பிட்டல் ஒய் நான்கு இலக்க வருடம், ஸ்மால் ஒய் இரண்டு இலக்கம். 05/03/2024-க்கு ஸ்மால் ஒய் போட்டால் ஆர் 20-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, 24-ஐ விட்டுவிட்டு, 2020 மார்ச் 5 என்று சொல்லும். கி.பி. 5 வந்தால் கண்ணில் குத்தும், 2020 குத்தாது. இந்த வகைக் கோளாறுகளில் மோசமானது இதுதான் என்பேன். தடயம்: ஐந்து வருட நோட்டு முழுவதும் 2020-க்குள் அடங்கியிருக்கும். ஊரடங்கில் பட்டறை பூட்டிக்கிடந்த 2020 ஏப்ரலில் ஆர்டர் குவிந்திருப்பதைப் பார்த்தாவது யாராவது கேட்க வேண்டும்.

இரண்டு இலக்க வருடமே உண்மையில் எழுதப்பட்டிருந்தால் ஸ்மால் ஒய் சரிதான், ஆனால் அதிலும் ஒரு எல்லைக்கோடு உண்டு. 00 முதல் 68 வரை 2000-களில் சேரும், 69 முதல் 99 வரை 1900-களில். வாடிக்கையாளர் பிறந்த தேதி 12/06/52 என்றால் அவர் 2052-இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். இன்றைய தேதிக்கு மேல் போகும் பிறந்த நாட்களில் இருந்து நூறு வருடத்தைக் கழித்துவிடலாம்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு பார்வை

வடிவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நெடுவரிசையில் எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். முதல் ஆறு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு முடிவுசெய்வது பலரிடம் இருக்கும் பழக்கம். நோட்டை மூன்று பேர் மாறி மாறி ஏற்றியிருந்தால் ஏழாயிரமாவது வரியில் வேறு கதை ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு, ஓர் எழுத்தைத் தேடி வேறொன்றாக மாற்றும் ஜிசப் (gsub) கட்டளை போதும். தேதி நெடுவரிசையில் இருக்கும் ஒவ்வொரு இலக்கத்தையும் 9 என்று மாற்றுங்கள், அப்புறம் டேபிள் போட்டு எண்ணுங்கள். 05/03/2024, 17/11/2023 எல்லாம் 99/99/9999 என்று ஒரே உருவத்துக்கு வந்துவிடும். பத்தாயிரம் வரிகள் நான்கைந்து உருவங்களாகச் சுருங்கும்: 99/99/9999 இத்தனை, 9/9/99 இத்தனை, 99-99-9999 இத்தனை, 99999 இத்தனை, வெற்று இத்தனை. தேதி மாற்றத்துக்கு முன்னால் செய்யும் சோதனைகளில் எனக்கு இதுதான் முதல் தேர்வு. எந்தத் தொகுப்பும் நிறுவ வேண்டாம், ஒரே வரி.

சில சமயம் பட்டியலில் 99/99/9999 என்பது இரண்டு தடவை, தனித்தனி எண்ணிக்கையோடு வரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஒன்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறது. எத்தனை எழுத்து என்று எண்ணும் என்சார் (nchar) கட்டளை போட்டால் ஒன்று 10, இன்னொன்று 11 என்று காட்டிக்கொடுக்கும். பின்னால் இருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. முன்னால் இருந்தால் தேதி என்ஏ (NA), அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம், ஆகக்கூடும். சாதாரண இடைவெளியை டிரிம்டபிள்யூஎஸ் (trimws) கட்டளை நீக்கிவிடும். வலைப்பக்கங்களில் இருந்து ஒட்டும்போது வரும் உடையா இடைவெளி வேறு எழுத்து. அந்தக் கட்டளை வெறுமனே அழைத்தால் அதைத் தொடாது. எண்ணும் பிரிப்புக் குறியும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜிசப்பால் துடைப்பதே நிம்மதி, மாதப் பெயர் எழுத்தில் இல்லாதவரை.

எக்செல் செய்துவைக்கும் கூத்து

பட்டியலில் 99/99/9999 கொஞ்சமும் 99999 கொஞ்சமும் கலந்திருந்தால் நிதானமாக உட்கார வேண்டும். பட்டறைக் கணினியில் வின்டோஸ் வாங்கியபோது இருந்த அமெரிக்க அமைப்பை யாரும் மாற்றவில்லை. அதில் 05/03/2024 என்று தட்டினால் எக்செல் அதை மே 3 என்று புரிந்துகொண்டு தேதியாக மாற்றிவிடும். 15/03/2024 என்று தட்டினால் பதினைந்தாவது மாதம் கிடையாது, ஆகவே வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, 12 வரையிலான நாட்கள் தப்பான தேதியாகவும், 12-க்கு மேற்பட்டவை சரியான எழுத்தாகவும் ஒரே நெடுவரிசையில் குடியிருக்கும். திரையில் பார்த்தால் வித்தியாசம் லேசு: தேதியானது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம்.

இந்தக் கோப்பை, எக்செல் கோப்புகளை ஆருக்குள் கொண்டுவரும் ரீட்எக்செல் (readxl) தொகுப்பு வழியே திறந்தால், அது முதல் ஆயிரம் வரிகளைப் பார்த்து, கலவையாக இருக்கிறது என்று மொத்தத்தையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எழுத்து வரிகள் 15/03/2024 என்றே வரும். தேதியாகிப்போனவை 45415 மாதிரி ஐந்து இலக்க எண்ணாக வரும். அந்த 45415-தான் மே 3. உண்மையில் வர வேண்டியது மார்ச் 5, அதாவது 45356.

இதில் பலரும் பாதியை மட்டும் சரிசெய்கிறார்கள். எழுத்துகளை நாள், மாதம், வருடம் என்று மாற்றி, எண்களை எக்செல் கணக்குப்படி தேதியாக்கி, இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். என்ஏ ஒன்றும் இல்லை, திருப்தி. ஆனால் எண்ணாக வந்த வரிகளில் நாளும் மாதமும் இன்னும் இடம் மாறியே நிற்கின்றன. எண்களைத் தேதியாக்கிய பிறகு அவற்றின் நாள் பகுதியை மட்டும் டேபிள் போடுங்கள். ஒன்றுகூட 12-ஐத் தாண்டவில்லை, எழுத்தாக வந்தவற்றில் ஒன்றுகூட 13-க்குக் கீழே இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அந்த எண்களை வருடம், நாள், மாதம் என்று எழுதவைத்து மறுபடி படிக்க வேண்டும். மாறாக, எண்களில் 20, 27 எல்லாம் வந்தால் கோப்பு இரண்டு கணினிகளில் ஏறியிருக்கிறது. அங்கே குருட்டுத்தனமாகத் திருப்பினால் நல்லதும் கெடும்.

அதே அமெரிக்க அமைப்புக் கணினியிலேயே கோப்பை சிஎஸ்வியாகச் சேமித்தால் மே 3 என்பது 5/3/2024 என்று எழுதப்படும். அதை நாள், மாதம், வருடம் என்று நாம் படித்தால் மார்ச் 5, சரியான விடை! தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிடுகிறது. முன்னால் பூஜ்யம் இல்லாத 9/9/9999 உருவமும் பூஜ்யம் உள்ள 99/99/9999 உருவமும் கலந்திருப்பது இதன் அடையாளம். ஆனால் இந்திய அமைப்பு உள்ள கணினியில் திறந்து சேமித்தால் 03-05-2024 என்று எழுதிவிடும், அப்போது தப்பு நிலைத்துவிடும். ஆகவே கோப்பு எந்தக் கணினி வழியே வந்தது என்று போன் போட்டுக் கேட்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

எக்செல் எண்ணைத் தேதியாக்கும்போது தொடக்க நாளாக 1899 டிசம்பர் 30 கொடுக்க வேண்டும். 1900 ஜனவரி 1-ஐ எக்செல் 1 என்று எண்ணுவதால் டிசம்பர் 31 என்றுதானே வர வேண்டும்? கூடுதலாக ஒரு நாள் பின்னால் போவதற்குக் காரணம், லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் வருடம் என்று எடுத்துக்கொண்டது; அதோடு ஒத்துப்போக எக்செல்லும் இல்லாத பிப்ரவரி 29-ஐ இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறது. நூறால் வகுபடும் வருடம் நானூறால் வகுபட்டால்தான் லீப் வருடம்; 1900 வகுபடாது, 2000 வகுபடும். ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29. பழைய மேக் எக்செல் கோப்பு என்றால் கணக்கு 1904-இல் தொடங்கும். நான்கு வருடமும் ஒரு நாளும், 1462 நாள் வித்தியாசம்.

எண்ணைப் பார்த்தே அது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சமீபத்திய தேதிக்கு 45 ஆயிரத்தை ஒட்டி இருந்தால் எக்செல். 19, 20 ஆயிரம் என்றால் ஆரின் சொந்த எண். பெரும்பாலும், நிபந்தனை பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இஃப்எல்ஸ் (ifelse) கட்டளை தேதி என்ற அடையாளத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தந்திருக்கும், மறுபடி ஆஸ்.டேட் போட்டால் போதும். பத்து இலக்கம் என்றால் 1970-இலிருந்து விநாடிகள். 20240305 என்ற எட்டு இலக்கம் நாள் எண்ணிக்கையே அல்ல, ஒட்டி எழுதிய தேதி. அதை எண்ணாகவே கொடுத்தால் கி.பி. 57 ஆயிரத்துச் சொச்சத்துக்குப் போய்விடும். 05032024 என்று ஒட்டி எழுதியிருந்தால் முன்பூஜ்யம் கழன்று ஏழு இலக்கமாக நிற்கும், பூஜ்யத்தைத் திருப்பி ஒட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சம்பந்தமில்லாத சின்ன எண்கள் வந்தால் நெடுவரிசை ஃபேக்டராக, அதாவது எழுத்துகளை வகை பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை எண் போட்டுவைக்கும் வடிவத்தில், இருந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்புக்கு முன் எழுத்துகளை ஆர் தானாகவே ஃபேக்டர் ஆக்கிவிடும். பழைய நிரல்களை ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் தட்டுப்படும்.

கிழமை சொல்லும் சாட்சி

05/03 என்பது மார்ச்சா மே மாதமா என்று வடிவத்தை வைத்தே தீர்க்க முடியாத நிலை வரும், குறிப்பாக எல்லா நாட்களும் 12-க்குள் அடங்கிய சின்னத் தரவில். அப்போது தேதியின் கிழமையைச் சொல்லும் வீக்டேஸ் (weekdays) கட்டளை கைகொடுக்கும். 2024 மார்ச் 5 செவ்வாய், மே 3 வெள்ளி. வாரச் சந்தை வியாபாரியின் கணக்கு என்றால் எல்லாத் தேதியும் ஒரே கிழமையில் விழ வேண்டும். ஞாயிறு விடுமுறை விடும் பட்டறை என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். இரண்டு விதமாகவும் மாற்றிப் பார்த்து, எதில் கிழமை ஒழுங்காக விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஊர் வழக்கம் தெரிந்தவருக்கு இது தாராளமாகக் கிடைக்கும் சாட்சி. வெளியூர் கன்சல்டன்டுக்குக் கிடைக்காது.

தேதி வேலைகளுக்கென்றே இருக்கும் லூப்ரிடேட் (lubridate) தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் டிஎம்ஒய் (நாள், மாதம், வருடம்) என்று அழைத்தால் கோடு, சாய்கோடு, புள்ளி எதுவானாலும் சமாளிக்கும், எத்தனை வரி மாறவில்லை என்று எண்ணிக்கையும் சொல்லும். ஆஸ்.டேட் அதைச் சொல்வதில்லை. மாறாதவற்றைச் சத்தமில்லாமல் என்ஏ ஆக்கிவிட்டுப் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகவே லூப்ரிடேட் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல வரிசைகளை ஒன்றாகக் கொடுத்து, நீயே கண்டுபிடி என்று அதனிடம் விடும் வசதியை நான் பரிந்துரைக்கமாட்டேன். 05/03/2024 இரண்டு வரிசைக்கும் பொருந்தும். எந்த மென்பொருளாலும் அதை ஊகிக்கத்தான் முடியும்.

நேரமும் சேர்ந்த தேதியில் இன்னொரு சறுக்கல். பால் சொசைட்டியில் காலை 5.10-க்கு அளந்த பாலுக்கு நேரத்தோடு பதிவு இருக்கிறது. அதிலிருந்து தேதியை மட்டும் எடுக்கும்போது நேர மண்டலத்தைச் சொல்லாவிட்டால் கிரீன்விச் கணக்கில் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், காலை 5.10 அங்கே முந்தின இரவு 11.40. ஐந்தரைக்கு முன் ஊற்றியவர்களின் பால் நேற்றைய கணக்கில், பின்னால் வந்தவர்களுடையது இன்றைய கணக்கில். ஆஸ்.டேட்டில் டிஇசட் என்ற இடத்தில் ஏசியா/கொல்கத்தா என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

பேரேட்டில் வரும் தேதிகள்

செட்டிநாட்டில் தரவு என்றால் எக்செல்லோடு நிற்பதில்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன குடும்பங்களின் பேரேடுகளைத் தட்டச்சு செய்து வட்டிக் கணக்கை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1900-க்கு முந்திய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது, எழுத்தாக விட்டுவிடும். 1898-உம் 1904-உம் கலந்த நெடுவரிசையில் மேலே சொன்ன கலவைக் கூத்து வேறு வழியில் திரும்ப வரும். இந்த மாதிரி வேலைக்கு நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டுத் தட்டச்சு செய்யச் சொல்வது நல்லது.

தமிழ் எண்கள் ௧௯௨௩ என்று இட மதிப்பு முறையில் இருந்தால் எழுத்துக்கு எழுத்து மாற்றும் சார்டிஆர் (chartr) கட்டளை ஒரே அடியில் 1923 ஆக்கிவிடும். பழைய முறையில் ௲௯௱௨௰௩ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளோடு எழுதியிருந்தால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ஆகாது. பெருக்கிக் கூட்டும் சிறு ஃபங்ஷன் எழுத வேண்டும். தட்டச்சு செய்தவர் ௧-க்குப் பதில் க-வும், ௨-க்குப் பதில் உ-வும் அடித்திருப்பார் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். உருவப் பட்டியலில் அது உடனே தெரியும்.

மாதப் பெயர் எழுத்தில் இருந்தால் ஆர் அதைக் கணினியின் மொழி அமைப்பில் தேடும்; ஆங்கில அமைப்பில் மார்ச் என்ற தமிழ் எழுத்து அதற்குப் புரியாது. பன்னிரண்டு வரியில் நாமே ஒரு அட்டவணை போட்டு எண்ணாக மாற்றிக்கொள்வதுதான் எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் அந்த அட்டவணையில் சித்திரைக்கு நேராக ஏப்ரல் என்று எழுதிவிடாதீர்கள். சித்திரை ஏப்ரல் நடுவில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. தமிழ் மாதத்தின் நீளமும் 29 நாள் முதல் 32 நாள் வரை மாறும். வருடப் பெயரோ அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பும். குரோதி வருஷம் தை மாதம் என்றால் அது 1905-ஆ, 1965-ஆ, 2025-ஆ என்று கணக்கின் மற்ற பக்கங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். தொடங்கிய வருடத்தை அப்படியே போட்டாலும் தப்பு: குரோதி பிறந்தது 1904 ஏப்ரலில், அதன் தை வந்தது 1905-இல். இதற்குச் சூத்திரம் தேடுவதைவிட, பழைய பஞ்சாங்கத்திலிருந்து ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளையும் ஆங்கிலத் தேதியோடு ஒரு அட்டவணையாக ஏற்றி, அதோடு இணைத்து நாளைக் கூட்டுவதே நம்பகமான வழி.

கடைசியாக, அரைகுறைத் தேதிகள். மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் ஆஸ்.டேட் என்ஏ தரும், அது நேர்மை. வருடம் மட்டும் இருந்து கேப்பிட்டல் ஒய் என்று மட்டும் வடிவம் கொடுத்தால் ஆர் இன்றைய நாளையும் மாதத்தையும் எடுத்து ஒட்டிவிடும். இன்று ஓட்டினால் ஒரு விடை, அடுத்த வாரம் ஓட்டினால் வேறு விடை. நாள் கணக்கில் வட்டி போடும் இடத்தில் இது ஆகவே ஆகாது. பேரேட்டுத் தரவுக்கு வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண் நெடுவரிசைகளாக வைத்து, மூன்றும் உள்ள வரிகளுக்கு மட்டும் தேதி உண்டாக்குங்கள். மற்றவை என்ஏ-வாகவே நிற்கட்டும், பக்கத்தில் பேரேட்டின் பக்க எண்ணோடு.